ஆகாயத்திலிருந்து ஆறு கிளாஸ்

என் மாமனார் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைத் தெரிந்துகொண்டால்தான் நான் செய்த காரியத்தின் முழு அழகும் உங்களுக்குப் புரியும். சென்னை ராஜ்யம் முழுக்க ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காத (சரி, கிடைக்கக் கூடாத) அந்த நாளில், மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் பெண்ணை நிச்சயம் பண்ணிக்கொண்டு, இத்தாலியில் ஒயினுக்குப் பேர்போன ஒரு மலை நகரத்துக்குப் போய், அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு போட்டோவுக்கு நின்றவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அந்தப் போட்டோ நேராக அவர் வீட்டுக்கே போய்ச் சேரவும் நானே ஏற்பாடு செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. பெயர் சடகோபன். வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். வேலை பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில். காலையில் காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பதுதான் அதுவரை என் வாழ்க்கையில் நடந்த பெரிய சாகசம். அப்போது சில புது மெஷின்களை ஓட்டப் பழகிக்கொண்டு வருவதற்காக, ரோம் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் அனுப்பினார்கள். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் திறமைதான் காரணம் என்று நானும், வேறு யாரும் கப்பல் ஏறச் சம்மதிக்கவில்லை என்று மற்றவர்களும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பையன் கடல் தாண்டுகிறான் என்றதும் என் அப்பா, போவதற்குள் ஒரு மூக்கணாங்கயிறு போட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார். உத்தர வீதியில் இருந்த வரதாச்சாரியின் பெண் செங்கமலத்தை எனக்கு நிச்சயம் செய்தார்கள். நான் திரும்பியதும் தை மாதம் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தது ஒரு வகிட்டையும் ஒரு காதையும்தான். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது.

வரதாச்சாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெற்றியில் பளிச்சென்று திருமண், அதற்குக் கீழே காக்கிச் சட்டை. ஒல்லியான மனிதர். அதிர்ந்து பேச மாட்டார். ஜீயபுரம் பக்கத்து வாழைத்தோப்புகளில் புதைத்து வைத்திருக்கும் சாராய ஊறல் பானைகளை, நடந்துகொண்டே மூக்கால் கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரில் பேச்சு. நான் பம்பாய்க்கு ரயில் ஏறிய அன்று என்னைத் தனியாக அழைத்துப் போனார். சத்தியம் வாங்கப் போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"சத்தியமெல்லாம் எனக்கு வேண்டாம் மாப்பிள்ளை. சத்தியம் பண்ணினவா எல்லாரையும் நான் கோர்ட்ல பார்த்திருக்கேன்" என்றார். "அங்க குளிருக்காகக் குடிக்கறோம்னு சொல்லுவா. நீங்க ஸ்வெட்டர் போட்டுக்கோங்கோ. அவ்வளவுதான்."

நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். ஐந்து மாதம் உத்தமனாக இருந்தேன். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் மத்தியானம் ஒவ்வொரு மேஜையிலும் ஒயின் வைப்பார்கள். நான் ரொட்டியையும் தக்காளியையும் வைத்துக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த நார்த்தங்காயை நகத்தளவு கிள்ளிப் போட்டுக்கொண்டு, என் சொந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்தால் அவர்களுக்குப் பாவமாக இருந்தது. எனக்கோ உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு மாப்பிள்ளை வேறு எந்த இன்ஸ்பெக்டருக்கு வாய்ப்பான்!

கடைசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒர்வியேட்டோ என்ற ஊரைப் பார்த்துவிட்டு வரும்படி எங்கள் ஃபோர்மன் சொன்னார். ரயிலில் ஒன்றரை மணி நேரம். பெரிய பாறை ஒன்றின் உச்சியில் ஒரு பழைய ஊரே உட்கார்ந்திருக்கிறது என்றார். பாறை என்று சொன்ன பிறகு திருச்சிக்காரன் போகாமல் இருப்பானா? ஒயினைப் பற்றியும் அவர் ஏதோ சொன்னார். நான் அந்தப் பகுதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரயிலை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தேன். நம் மலைக்கோட்டையின் உச்சியைச் சீவித் தட்டையாக்கி, அதன்மேல் பெரிய கடைவீதியை அப்படியே தூக்கி வைத்த மாதிரி இருந்தது. கயிறு கட்டி இழுக்கிற ஒரு பெட்டியில் மேலே ஏற்றிவிட்டார்கள். (படி ஏறாமல் மலை ஏறியதில் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது.) மேலே போனால் ஒரு மாதா கோயில். முகப்பு முழுக்கத் தங்க வேலைப்பாடு. வெயில் பட்டு அது மின்னியதில் நான் என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே, நம் ஊரில் தேங்காய் பழக் கடைகள் இருக்கிற இடத்தில், வரிசையாக ஒயின் கடைகள்.

கடைகள் மட்டுமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் பாறையைக் குடைந்து நிலவறை வைத்திருந்தார்கள். நம் ஊரில் பாறையைக் குடைந்து சாமியை வைத்தோம். இவர்கள் பீப்பாயை வைத்திருந்தார்கள். தெருவில் நடந்தால் காற்றே புளித்த திராட்சை வாசனை அடித்தது. வரதாச்சாரியை அந்தத் தெருவில் கொண்டுவந்து விட்டால் எந்த வீட்டுக்குள் முதலில் நுழைவது என்று தெரியாமல் மயங்கி விழுந்திருப்பார். நான் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

இந்த ஊரில் நான் பார்க்கத் தகுந்தது என்ன இருக்கிறது என்று தேடியபோது, பழைய கிணறு ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். கிணறு என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் எனக்கு ஆபத்தில்லை. சந்தோஷமாகப் போனேன். பாறைக்குள் வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டு, இருநூற்று நாற்பத்தெட்டு படி. அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் ஜனங்கள் காசு போட்டிருந்தார்கள். குடிக்க விடவில்லை. பார்த்துவிட்டு இருநூற்று நாற்பத்தெட்டு படியும் திரும்ப ஏறினேன். வெளியே வந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. புரட்டாசி மாதமே தவிர, வெயில் நம் ஊர் சித்திரை வெயில். என் எவர்சில்வர் டம்ளரை அன்றைக்கென்று பார்த்து ரோமிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கோயிலுக்கு எதிரே நிழலில் மேஜை நாற்காலி போட்டிருந்த ஒரு கடையில் போய் விழுந்தேன். கடைக்காரி பெயர் ரோஸா. ஆஜானுபாகுவான அம்மாள். ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு கையையும் கூப்பி, "அக்வா" என்றேன். தண்ணீர். அவள் பாட்டிலை மறுபடி காட்டினாள். நான் மறுபடி "அக்வா" என்றேன். வயிற்றைத் தொட்டுக் காட்டி, உடம்பு சரியில்லையா என்று ஜாடையில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கோ உண்மையே பேசுகிற வியாதி. இல்லை என்று தலையாட்டினேன்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. இருந்தாலும் பக்கத்து மேஜையில் யாரோ குடித்து வைத்துவிட்டுப் போன கிளாஸை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த துணியால் ஒரு துடை துடைத்து, அதில் தண்ணீரை ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான் கண்ணால் பார்த்த எச்சில். தண்ணீரோ கைக்கு எட்டுகிற தூரத்தில். என்ன செய்வேன்? நாம் எல்லோரும் தினமும் செய்கிற காரியத்தைச் செய்தேன். அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, வாயை மூடாமல் கடகடவென்று ஊற்றிக்கொண்டேன்.

கிளாஸைக் கீழே வைத்தபோது ரோஸா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கைதட்டினார். அப்புறம் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"அன்கோரா!" என்றாள் ரோஸா. இன்னொரு தரம் என்று அர்த்தம்.

இங்கேதான் என் புத்தி பேதலித்தது. ஒர்க்ஷாப்பில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு பயல் எனக்குக் கைதட்டியது கிடையாது. இங்கே ஒரு தேசமே தட்டுகிறது! இரண்டாவது கிளாஸ் தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து குடித்தேன். மூன்றாவதற்குள் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். நான்காவதை இடது கையால் குடித்தேன். (வீட்டில் அப்படிச் செய்திருந்தால் அம்மா முதுகில் ஒன்று வைத்திருப்பாள்.) ஐந்தாவதுக்கு நாற்காலி மேல் ஏறிவிட்டேன். கூட்டத்தில் கறிக்கடைக்காரர் இருந்தார், பாதிரியார் இருந்தார், கழுத்தில் கேமராவோடு ஒரு மீசைக்காரர் இருந்தார். அவர் அந்த ஊர் வாரப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவராம். தங்க முகப்புத் தெரிகிற மாதிரி என்னை நிறுத்தி, தலையைத் திருப்பி, முழங்கையைச் சரிசெய்து, "இன்னும் ஒன்று" என்று விரலைக் காட்டினார். ரோஸா ஆறாவது கிளாஸைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒர்வியேட்டோ ஒயின் வெள்ளை ஒயின். அதை நான் சொல்லவில்லையா? வெளிர் நிறம். நடு வெயிலில், பல்லைக் காட்டிக்கொண்டு நாற்காலி மேல் நிற்கிறவன் கண்ணுக்குத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வாய் வைத்துக் குடிக்கிறவனாக இருந்தால் மூக்கு காட்டிக் கொடுத்திருக்கும். தூக்கிக் குடிப்பதில் இதுதான் சங்கடம். நாக்கைக் கேட்காமலே நேராக உள்ளே போய்விடுகிறது. கேமரா 'கிளிக்' என்றது. கிளாஸ் காலி. அப்புறம்தான் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு வெதுவெதுப்பு இறங்கி, மூக்கு வழியாகத் திராட்சை மேலே வந்தது.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரோஸாவைப் பார்த்தேன். அவள் கோயிலைக் காட்டினாள், கேமராவைக் காட்டினாள், தண்ணீர்க் கூஜாவைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒரு மனுஷன் தண்ணீர் குடிக்கிற படம் பத்திரிகையில் வந்தால் நாங்கள் தலைகாட்ட முடியுமா என்று கேட்கிறாள் என்று புரிந்தது. அவள் கட்சியில் நியாயம் இருந்தது. கோபித்துக்கொண்டு நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காற்று நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது மீசைக்காரர் ஒரு நோட்டை நீட்டி, போட்டோவை எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். நான் யோசித்தேன். (யோசித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.) நிச்சயமான பெண்ணுக்கு நான் கடிதம் எழுதக் கூடாது. என் வீட்டுக்கு வந்தால் அப்பா மட்டும் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். தங்கக் கோயில் முன்னால் நான் ராஜா மாதிரி நிற்பதைச் செங்கமலம் பார்க்க வேண்டாமா? பேனாவை வாங்கி, கொட்டை எழுத்தில், வரதாச்சாரியின் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். தபால்காரர் குழம்பக் கூடாது என்று பெயருக்குக் கீழே 'மதுவிலக்கு இன்ஸ்பெக்டர்' என்று உத்தியோகத்தையும் சேர்த்தேன். மீசைக்காரர் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வழியனுப்பினார்.

அதற்கப்புறம் அப்பாவிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. 'காலாகாலத்தில் வந்து சேரவும்.' அவ்வளவுதான் இருந்தது. பாசத்தில் அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை என்று நினைத்து, கப்பலில் இரண்டு தரம் அதை எடுத்துப் படித்து உருகினேன்.

மார்கழியில் ஒரு காலை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். மாலை, மேளம் இல்லாவிட்டாலும் ஒரு இருபது பேராவது வருவார்கள் என்று எதிர்பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். என் பெட்டியைத் தூக்கினார். கனம் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லை. ஆத்துக்குப் போய்த் தீர்த்தமாடிட்டு வா. நாலு மணிக்கு வரதாச்சாரி உன்னை வரச் சொல்லியிருக்கார்."

"காப்பிக்கா?"

"வாக்குமூலத்துக்கு" என்றார் அப்பா. பெட்டியோடு குதிரை வண்டியில் ஏறிக்கொண்டார்.

நாலு மணிக்கு உத்தர வீதி வீட்டுக் கூடத்தில் ஒரு மேஜை போட்டிருந்தது. வரதாச்சாரி காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு முக்காலி. அப்பா ஜன்னல் ஓரமாக நின்றார். ஜன்னலுக்கு வெளியே கோபுரம் தெரிந்தது. மேஜை மேல் மூன்று சாமான்கள்: என் போட்டோ, அதே போட்டோ போட்ட பத்திரிகை, கையால் எழுதிய ஒரு காகிதம். போட்டோவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணாந்த முகம், விரிந்த வாய், ஆகாயத்திலிருந்து இறங்குகிற தாரை, பின்னால் ரோஸா கையில் பாட்டில். கருப்பு வெள்ளைப் படம். தாரை என்ன நிறமென்று தெய்வத்தால்கூடச் சொல்ல முடியாது.

"இது யாரு?" என்றார் வரதாச்சாரி.

"நான்தான்."

"எந்த ஊர்?"

"ஒர்வியேட்டோ."

"அந்த ஊர்ல என்ன விசேஷம்?"

"கோயில்."

"அப்புறம்?"

"கிணறு. இருநூத்து நாற்பத்தெட்டு படி."

"அப்புறம்?"

"காத்து நன்னா இருக்கும்."

அவர் காகிதத்தை எடுத்தார். திருச்சியில் இத்தாலியிலிருந்து வந்து முப்பது வருஷமாக இருக்கும் ஒரு வயதான பாதிரியாரிடம் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்து, தமிழாக்கி வாங்கி வந்திருந்தார். பாதிரியார் நம்மைவிட நல்ல தமிழ் எழுதுபவர். வரதாச்சாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'இந்திய தேசத்து அரசாங்க அதிகாரியாகிய இம்மனிதர், நமது நகரத்தின் திராட்சரசத்தை ஆகாயத்தினின்று ஆறு கிண்ணங்கள் பருகினார். ஒரு துளியேனும் நிலத்தில் சிந்தவில்லை. நமது திராட்சரசத்தின்மேல் அவர் கொண்ட பக்தி கண்டு ஜனங்கள் வியந்து ஆர்ப்பரித்தார்கள்.'"

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பொய்! அத்தனையும் தண்ணி, மாமா!" என்று கத்தினேன். "அவா எச்சில் கிளாஸ்ல குடுத்தா. அதான் தூக்கிக் குடிச்சேன். அதைப் பார்த்துட்டு திருப்பித் திருப்பிக் கேட்டா. ஊர் மானம் போயிடும்னு பத்திரிகைல மாத்திப் போட்டுட்டா!"

"மாப்பிள்ளை" என்று அதுவரை கூப்பிட்டவர், "நீர் குடிச்ச மாதிரி இப்ப குடிச்சுக் காட்டும் பார்ப்போம்" என்று 'நீர்' வரைக்கும் இறங்கினார். உள்ளே பார்த்து, "செங்கமலம், ஒரு டம்ளர் தீர்த்தம் கொண்டா" என்றார்.

அவள் கொண்டுவந்தாள். இந்தத் தடவை தலை நிமிர்ந்திருந்தது. முதன்முறையாக அவள் முகத்தை முழுசாகப் பார்க்கிறேன். கண்ணில் சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த யோசனையிலேயே அண்ணாந்தேன். முதல் வாய் மூக்குக்குள் போயிற்று. இரண்டாவது வாய் கண்ணுக்குள். மீதி சட்டைக்குள். இத்தாலியில் நாற்காலி மேல் நின்று ஒரு துளி சிந்தாமல் குடித்தவன், ஸ்ரீரங்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு புரையேறி, இருமி, முக்காலியோடு சாய்ந்தேன். அப்பா வந்து தலையில் தட்டினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

வரதாச்சாரி போட்டோவை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்" என்றார் அப்பாவிடம். "சட்டியில குடிச்சவனைப் பார்த்திருக்கேன், கொட்டாங்கச்சியில குடிச்சவனைப் பார்த்திருக்கேன். குழாய்ல வாய் வச்சு உறிஞ்சினவனையும் பிடிச்சிருக்கேன். சரக்கை எவனும் தூக்கிக் குடிக்க மாட்டான், ஸ்வாமி. சிந்திடுமோன்னு உசிரு போகும். ரெண்டு கையாலயும் பிடிச்சு, உதட்டை ஒட்டி வச்சுண்டுதான் குடிப்பான். ஒரு முழத்துலேர்ந்து ஊத்திக்கறவன் தண்ணியைத்தான் ஊத்திப்பான்."

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கு அப்படியே எழுந்து மாமனாரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அழகான கையெழுத்தில் எழுதினார். 'ஆறு கிளாஸும் பச்சைத் தண்ணீரே என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' பேனா மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கோ மாப்பிள்ளை. ஃபைலை மூடிடலாம்."

நான் பேனாவை வாங்கினேன். போட்டிருக்கலாம். பத்து எழுத்துக்கூட இல்லாத கையெழுத்து. போட்டிருந்தால் மூன்று வாரத்தில் கல்யாணம். ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது என்று சொன்னேன் இல்லையா, அதை வேறு பார்த்துத் தொலைத்தேன். பக்கத்தில் செங்கமலம் காலி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த முகத்துக்கு முன்னால் முதல் காரியமாக ஒரு பொய்யில் கையெழுத்துப் போடுவதா என்று தோன்றியது. போடாவிட்டால் அவளை இழந்துவிடுவேன் என்ற பயம் இன்னொரு பக்கம். மை சொட்டித் தாளில் விழுந்தது.

"ஆறாவது மட்டும்..." என்றேன்.

"ஆறாவது?"

"ஆறாவது அதுதான். தண்ணின்னு நெனச்சு ஊத்திண்டேன். உள்ள போனப்புறம்தான் தெரிஞ்சுது."

அப்பா, "அடப்பாவி, கையெழுத்தைப் போட்டுட்டு வந்திருக்கக் கூடாதோ!" என்று முனகினார். வரதாச்சாரி பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார். போட்டோ, பத்திரிகை, காகிதம் மூன்றையும் ஒன்றாக அடுக்கினார். எழுந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது கதை என்று நானும் எழுந்தேன். நனைந்த சட்டை மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது என்பதை ஒளிப்பானேன்.

"அப்பா" என்றாள் செங்கமலம். அவள் குரலை நான் அன்றுதான் முதலில் கேட்கிறேன். "இருபத்திரண்டு வருஷத்துல, நீங்க விட்டப்புறம் தானா ஒத்துண்டவா எத்தனை பேர்?"

வரதாச்சாரி உண்மையாகவே கணக்குப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உத்தரத்தைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லை" என்றார் கடைசியில். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "சம்பவம் நடந்த இடம் என் சரகத்துக்குள்ள வரலை. கேஸ் நிக்காது. உள்ள வாங்கோ, காப்பி சாப்பிடலாம்" என்றார். வாசல் வரைக்கும் வழியனுப்பும்போது மட்டும், "ஊதுங்கோ" என்று என் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பழக்கதோஷம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. போட்டோவைச் சட்டம் போட்டு மாமனாரே கூடத்தில் மாட்டினார். சம்பந்திகள் யாராவது கேட்டால், "மாப்பிள்ளை தீர்த்தம் சாப்பிடறார்" என்பார். அதோடு எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாசகமும் கிடைத்தது. யாராவது பூசி மெழுகிப் பேசினால், பாதியை முழுங்கினால், "ஆறாவது கிளாஸ்?" என்று கேட்போம். பெண் காலேஜிலிருந்து வந்து, பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறேன் என்பாள். "ஆறாவது கிளாஸ்?" கணக்கில் கோட்டை விட்டதைச் சொல்லி விடுவாள். டாக்டரிடம் நான் ஸ்வீட்டே தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து செங்கமலம் சாதுவாக, "ஆறாவது கிளாஸைச் சொல்லுங்கோ" என்பாள். டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிடுவார். எங்கள் பேத்தி, இத்தாலியை வரைபடத்தில்கூடப் பார்க்காதவள், அவள் தோழியிடம் போனில் இதே கேள்வியைக் கேட்டதை என் காதாலேயே கேட்டேன்.

போன வாரம் இந்தக் கட்டுரையை எழுதி முடித்துச் செங்கமலத்திடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டேளா?"

"ஆறாவது கிளாஸ் இருக்கே, பார்க்கலையா?"

"அது இருக்கு. மீதி?"

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன். ஏழாவது ஒன்று உண்டு. கேமராக்காரர் போட்டோ எடுத்து முடித்த பிறகு, கூட்டம் கலைந்த பிறகு, நானேதான் ரோஸாவிடம் கேட்டேன். குடித்தது குடித்தாகிவிட்டது, ருசி என்னவென்றுகூடத் தெரியாமல் போவதா என்று ஒரு எண்ணம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ரெண்டு கையாலும் பிடித்து, உதட்டை ஒட்டி வைத்து, மெதுவாகக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதற்கப்புறம்தான் விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

செங்கமலம் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு நீங்க வாசப்படி தாண்டினதுமே அப்பா சொன்னார். 'ஒண்ணோட நிறுத்தினவனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை, இன்னொண்ணு இருக்கு'ன்னார்."

"தெரிஞ்சுமா பெண்ணைக் குடுத்தார்?"

"'அதையும் அவராவே சொல்லுவார், விடுங்கோப்பா'ன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் செங்கமலம். "கல்யாணத்துக்குள்ள சொல்லிடுவேள்னு நெனச்சேன்."